வெள்ளிக்குக் கணக்கு இருக்கிறது

1

எங்கப்பா கல்லுடைத்தவர். இருபத்தெட்டு வருஷம் ஒரே குவாரியில் மெஷின் பிடித்துக் குழி போட்டார். கடைசி மூணு வருஷம் கட்டிலில் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். படுத்தால் மூச்சு வராது. அவர் செத்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் காசநோய் என்று எழுதியிருந்தது. காசநோய் மாத்திரை தின்று தின்று வயிறு புண்ணானதுதான் மிச்சம், சளியில் ஒரு தடவைகூடக் கிருமி இருந்ததில்லை. கல் தூசி என்று யாரும் எழுதவில்லை. அப்படி எழுதியிருந்தால் நஷ்டஈடு கேட்டிருக்கலாம் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

தென்னமெரிக்காவில் இருக்கிற ஒரு மலையைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் எங்கப்பாவின் மூச்சிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாடு போய் வந்த நண்பர் ஒருவர் சுற்றுலாப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் கூம்பு மாதிரி நிற்கிற செம்மண் நிற மலை ஒன்றின் படம். அதற்குக் கீழே தலையில் விளக்குத் தொப்பி மாட்டிக்கொண்டு சிரிக்கிற வெள்ளைக்காரப் பையன்களும் பெண்களும். சுரங்கத்துக்குள்ளே அரை நாள் உலா போகலாம் என்று விளம்பரம். படத்தின் ஓரத்தில், யாரும் பார்க்காத இடத்தில், சுரங்கத் தொழிலாளி ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “இந்தாளு உங்கப்பா மாதிரியே மூச்சுக்கு நிக்கிறான் பாரு” என்றாள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த மலையின் பெயரும் தெரியாது. ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதினவர்கள் கண்ணில் படாத ஒன்று அவள் கண்ணில் பட்டது. அதற்கப்புறம்தான் நான் இந்த மலையைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

2

மலையின் பெயர் செர்ரோ ரிக்கோ. ஸ்பானிய மொழியில் பணக்கார மலை என்று பொருள். பொலிவியா நாட்டில், ஆண்டிஸ் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,800 மீட்டர் உயரத்தில் அதன் உச்சி இருக்கிறது. அடிவாரத்தில் இருக்கும் பொத்தோசி நகரமே 4,000 மீட்டருக்கு மேலே. அங்கே சும்மா நடந்தாலே புதிதாகப் போனவனுக்கு மூச்சு வாங்கும். அந்த இடத்தில்தான் கிட்டத்தட்ட ஐந்து நூற்றாண்டுகளாக மனிதர்கள் மலைக்குள் இறங்கிக் கல்லைச் சுமந்து ஏறுகிறார்கள்.

1545இல் தியேகோ வல்ப்பா என்ற பூர்வகுடி மனிதர் மலையில் வெள்ளியைக் கண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கண்டவர் அவர், பதிவு செய்துகொண்டவர்கள் ஸ்பானிய எசமானர்கள். கண்டவனுக்குக் கதையில் இடம், பதிந்தவனுக்குப் பட்டாவில் இடம். இது நமக்குப் பழகிய சமாச்சாரம்தான்.

முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் நடந்தது சுவாரசியமானது. வெள்ளியை உருக்கும் கலை ஸ்பானியர்களுக்குக் கைவரவில்லை. மலைச் சரிவில் காற்று வீசுகிற இடம் பார்த்து, துளைகள் வைத்த மண் உலைகளைப் பூர்வகுடிகள் கட்டினார்கள். ராத்திரியில் மலை முழுக்க ஆயிரக்கணக்கான உலைகள் எரிந்ததாகப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். உருக்கும் அறிவு அவர்கள் கையில் இருந்தவரை பேரம் பேசும் பலமும் அவர்கள் கையில் இருந்தது. 1570களின் தொடக்கத்தில் பாதரசத்தைக் கொண்டு வெள்ளியைப் பிரிக்கும் முறை வந்தது. நீர்ச்சக்கர ஆலைகள் வந்தன. அறிவு கைமாறியதும் அந்த மக்கள் வெறும் முதுகாகவும் காலாகவும் ஆக்கப்பட்டார்கள். தொழிலறிவைப் பிடுங்கிக்கொண்டு ‘உனக்கு மூளை இல்லை, உடம்பு மட்டும்தான்’ என்று சொல்வது ஆதிக்கத்தின் பழைய தந்திரம். நம்மூரில் தோலைப் பதப்படுத்தவும், பறை கட்டவும், மண்ணைப் பார்த்து மடைநீர் பாய்ச்சவும் தெரிந்தவனைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

3

1573 வாக்கில் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ ‘மித்தா’ என்ற கட்டாய உழைப்பு முறையை மலைக்குக் கொண்டுவந்தார். மித்தா என்றால் கெச்சுவா மொழியில் ‘முறை’. உன் முறை, என் முறை என்று சொல்கிறோமே, அந்த முறை. ஸ்பானியர் வருவதற்கு முன்பு ஊர் வேலைக்கும் இன்கா அரசு வேலைக்கும் முறை வைத்துப் போகிற வழக்கம் அங்கே இருந்தது. தொலேதோ அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு அதற்குள் வேறொன்றை வைத்தார். ஊர்ப் பொதுவுக்கான முறை, எசமான் வெள்ளிக்கான முறையாயிற்று. நம்மூர் வெட்டி வேலையும் இப்படித்தான், வழக்கம் என்ற பெயரில் நின்றது. வழக்கம் என்று சொல்லிவிட்டால் கேள்வி கேட்பவன்தான் குற்றவாளி.

பதினாறு மாகாணங்களிலிருந்து, வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவர் என்ற விகிதத்தில், ஆண்டுக்குச் சுமார் 13,500 பேர் மலைக்கு வர வேண்டும். ஒரு நேரத்தில் அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வேலையில் இருப்பார்கள். தூரத்து மாகாணங்களிலிருந்து வருகிறவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடும் லாமாக்களின் முதுகில் ஏற்றிய தானியத்தோடும் இரண்டு மாதம் வரை நடந்து வந்தார்கள். திங்கட்கிழமை மலையடிவாரத்தில் கூட்டி, யாருக்கு எத்தனை பேர் என்று பிரித்துக் கொடுப்பார்கள். அப்புறம் சனிக்கிழமை வரைக்கும் சுரங்கம். தோல் கட்டிய மர ஏணிகளில், இருட்டில், முதுகில் கல் மூட்டையோடு ஏற வேண்டும். உள்ளே வெக்கை, வெளியே பனிக்காற்று. ஆலையில் வேலை என்றால் கல் அரைக்கும் தூசி, பாதரசம் கலந்த சேற்றை வெறுங்காலால் மிதிப்பது. அந்தப் பாதரசத்தை வெட்டியெடுத்த உவாங்கவேலிக்கா சுரங்கமும் ஆட்களைத் தின்றது. ஒரு சுரங்கத்தின் விஷம் இன்னொரு சுரங்கத்தின் மூலப்பொருள்.

கூலி உண்டு. ஆனால் ‘மிங்கா’ என்று அழைக்கப்பட்ட, தாமாக வந்து வேலை செய்த கூலிக்காரருக்குக் கொடுத்ததைவிட மிகவும் குறைவு. அதனால் ஒரு மித்தா ஆள் தன் முறை முடிந்த வாரங்களில் மிங்காவாக வேலை செய்துதான் வயிற்றைக் கழுவினார். அதாவது ஓய்வு என்று கொடுத்த நாளையும் மலைதான் எடுத்துக்கொண்டது.

ஆட்களைத் திரட்டி அனுப்பும் பொறுப்பு ‘குராக்கா’ எனப்பட்ட பூர்வகுடித் தலைவர்களின் தலையில் விழுந்தது. ஆள் குறைந்தால் அவர்கள் பணமாகக் கட்ட வேண்டும். காலப்போக்கில் சுரங்க எசமானர்கள் பலர் ஆளே வேண்டாம், பணமாகவே கொடு என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள். இவர்களுக்குச் ‘சட்டைப்பை இந்தியர்’ என்றே பெயர் வந்துவிட்டது. ஒரு மனிதன் மலைக்கு வராமலேயே அவன் பேரில் காசு எடுக்க முடியும்! எசமானின் பார்வையில் மனிதன் என்பவன் எப்போதும் சட்டைப்பையில் இருந்தவன்தான். இங்கே அதை மறைக்கக்கூட இல்லை.

4

இதைப் படிக்கும்போது என்னை நிறுத்தி வைத்த விஷயம் ஒன்று உண்டு. மித்தா, பிறந்த ஊரோடு கட்டப்பட்ட கடமை. ஒரு ஊரில் நிலத்தோடு பதிவான குடும்பத்தின் ஆணுக்குத்தான் மித்தா. அந்த ஊரை விட்டு ஓடிப்போய் வேறு ஊரில் அந்நியனாகக் குடியேறிவிட்டால் அவன் ‘ஃபொராஸ்தெரோ’, அதாவது வெளியாள். வெளியாளுக்கு நிலம் இல்லை, ஆனால் நெடுங்காலம் மித்தாவும் இல்லை. ஆயிரமாயிரம் பேர் ஓடினார்கள். நிலத்தை விட்டார்கள், முன்னோர் சமாதியை விட்டார்கள். வெளியாளாக இருப்பதே விடுதலையாக இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் கணக்கெடுத்தபோது, மித்தா மாகாணங்களில் வெளியாட்கள் எவ்வளவு பெருகிவிட்டார்கள் என்று அதிகாரிகளே திகைத்தார்கள். வெளியாளையும் மித்தாவில் சேர்க்க 1680களில் வைஸ்ராய் ஒருவர் எடுத்த முயற்சி தோற்றது.

ஓடினால் உதறிவிடக்கூடிய பிறப்பு அது. நம் பிறப்போ ஓடுகிறவனின் கூடவே ஓடி வருகிறது. பக்கத்து ஜில்லாவுக்குப் போய் வீடு கேட்டால், முதல் கேள்வி ஊர், இரண்டாவது கேள்வி தெரு. மூன்றாவது கேள்விக்கு அவசியம் இருக்காது. உலகத்தில் ஒடுக்குமுறை எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிக் கடந்துபோகிற தோழர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன். ஒப்பிட வேண்டும், ஆனால் ஒன்றாக்கிவிடக் கூடாது.

ஓடாமல் அங்கேயே நின்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். சனிக்கிழமை இரவு எசமானர்களின் வேலை நின்றதும், திங்கள் விடியும் வரை சுரங்கத்துக்குள் புகுந்து தங்களுக்காக வெட்டியெடுத்தவர்கள் இவர்கள். ‘காக்சா’ என்று இவர்களுக்குப் பெயர். எசமானர்கள் திருடர் என்றார்கள். வார இறுதியில் மலை எங்களுடையது, இது வழக்கம் என்று அவர்கள் சொன்னார்கள். எசமான் பிடுங்கிய வழக்கம் என்ற சொல்லை அவர்கள் திரும்பப் பிடுங்கினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் சிறு அரவை மில்களில் காக்சாக்கள் அரைத்த வெள்ளி, அரசே அவர்களிடமிருந்து விலை கொடுத்து வாங்க வேண்டிய அளவுக்குப் போயிற்று. அகுஸ்தீன் கெஸ்பி என்ற காக்சாத் தலைவரின் பெயரை அந்நகரத்தின் வரலாற்றாசிரியர் அர்சான்ஸ் பதிந்து வைத்திருக்கிறார். அடக்கினவர்கள் பெயரே நிறைந்திருக்கும் வரலாற்றில் அடங்காதவன் பெயர் ஒன்று தப்பி நிற்கிறது.

5

கேளிக்கைக்கு வருவோம். அது இப்போது வந்தது அல்ல.

1611இல் பொத்தோசியின் மக்கள்தொகை 1,60,000 எனக் கணக்கிடப்பட்டது. அன்றைய ஐரோப்பியப் பெருநகரங்களோடு நிற்கக்கூடிய எண். பனிக்காற்று வீசும் அந்த உயரத்தில் சூதாட்ட விடுதிகள், நடனப் பள்ளிகள், நாடக அரங்கு, காளைச் சண்டை. சீனப் பட்டு, பாரசீகக் கம்பளம், ஐரோப்பியக் கண்ணாடி. மலைக்குள் ஒரு உலகம், மலையடியில் ஒரு உலகம். நாணயச் சாலையில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்தார்கள்.

அந்த வெள்ளி நம் கடற்கரைக்கும் வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் சென்னைக் கோட்டையிலும் துணி வாங்கிய டச்சு, ஆங்கிலக் கம்பெனிகள் கப்பலில் கொண்டுவந்த முக்கியச் சரக்கு வெள்ளி. அதில் பெரும்பகுதி பெரு, மெக்சிகோ மலைகளிலிருந்து புறப்பட்டது. ஸ்பானிய ரியால் நாணயங்களை இங்கே உருக்கி உள்ளூர் நாணயமாக அடித்தார்கள். சோழமண்டலக் கரையின் நெசவாளிக்குக் கொடுத்த முன்பணத்தில் ஆண்டிஸ் மலையின் முதுகெலும்பும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்த ‘வாணிப வளர்ச்சி’க்குள் இது வரவில்லை.

எத்தனை பேர் செத்தார்கள்? எண்பது லட்சம் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். சுற்றுலா வழிகாட்டிகளும் அதையே சொல்கிறார்கள். அந்த எண்ணுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். இது எனக்கு முதலில் கோபத்தைக் கொடுத்தது. எண்ணைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. ஐந்தில் ஒரு பங்கு அரசனுக்கு என்பதால், பதிவான ஒவ்வொரு வெள்ளிப் பாளத்துக்கும் கருவூலத்தில் கணக்கு எழுதினார்கள். ஆண்டுவாரியாக எத்தனை வெள்ளி என்று இன்றைக்கும் கூட்டிச் சொல்லலாம். வெள்ளிக்குக் கணக்கு இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வந்தவன் செத்ததற்கு அப்படி ஒரு பேரேடு இல்லை. ஆதாரம் இல்லை என்பதைக் கொலை இல்லை என்று படிக்கக் கூடாது. ஆதாரத்தை எழுதும் பேனா யார் கையில் இருந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

சாட்சிகள் இல்லாமல் இல்லை. 1550இலேயே தொமிங்கோ தெ சாந்தோ தோமாஸ் என்ற பாதிரியார் இந்த மலையை நரகத்தின் வாய் என்று அரசவைக்கு எழுதினார். பூர்வகுடி மனிதரான குவாமன் போமா, 1615 வாக்கில், கிட்டத்தட்ட 1,200 பக்கங்களும் 398 படங்களும் கொண்ட நீண்ட முறையீட்டை ஸ்பெயின் அரசனுக்கு எழுதி முடித்தார். சுரங்கங்களில் தம் மக்கள் படும் வதையை அதில் எழுதினார், வரைந்தும் காட்டினார். அரசன் அதைப் படித்ததற்குச் சான்று இல்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நூலகத்தில் கிடந்த அந்தக் கையெழுத்துப் படியை 1908இல்தான் ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார். முந்நூறு வருஷம் ஒரு மனு பிரிக்கப்படாமல் கிடந்திருக்கிறது. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருக்கும் நம் சனங்களுக்கு இது கதையாகத் தோன்றாது.

6

மித்தா 1812இல் ஸ்பானிய நாடாளுமன்றத்தின் தீர்மானத்தால் சட்டப்படி ஒழிந்தது. 1825இல் சிமோன் பொலிவார் மலையுச்சிக்கு ஏறி விடுதலையைக் கொண்டாடினார். மலை புதிய நாட்டின் அரச சின்னத்தில் இடம்பெற்றது. மலைக்குள் இருந்தவர்கள் மலைக்குள்ளேயே இருந்தார்கள். வெள்ளி குறைந்து தகரம் வந்தது. 1952 புரட்சிக்குப் பின் பெருஞ்சுரங்கங்கள் அரசுடைமையாயின. 1985இல் தகரத்தின் விலை வீழ்ந்தது. அதே ஆண்டில் வந்த அரசாணையைத் தொடர்ந்து 20,000க்கும் மேற்பட்ட அரசுச் சுரங்கத் தொழிலாளர்கள் நாடு முழுக்க வேலை இழந்தார்கள். இன்று செர்ரோ ரிக்கோவைத் தோண்டுவது கூட்டுறவு அமைப்புகள். கூட்டுறவு என்றதும் சமத்துவம் என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே பங்காளி வேறு, அவருக்கு நாள்கூலி செய்பவன் வேறு. நாள்கூலியில் மீசை முளைக்காத பையன்களும் உண்டு.

பெண்கள் உள்ளே வந்தால் தாதுக்கோடு மறைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. 1930களில் சாக்கோ போருக்கு ஆண்கள் போனபோது பெண்கள் உள்ளே இறங்கி வேலை செய்தார்கள், தாது மறையவில்லை. இருந்தும் நம்பிக்கை பிழைத்துக்கொண்டது. மேலே கொட்டிய கழிவுக் கல்லில் சுத்தியலால் தட்டித் தட்டித் தாது பொறுக்கும் பெண்களுக்குப் ‘பல்லிரி’ என்று பெயர், பலர் சுரங்கத்தில் கணவனைப் பறிகொடுத்தவர்கள். தீட்டு என்கிற சொல் அந்த மொழியில் என்னவோ, அதன் வேலை மட்டும் எனக்குத் தெரியும். பொத்தோசி மாநிலத்தின் இன்னொரு சுரங்கக் குடியிருப்பிலிருந்து வந்த தொமிதிலா பாரியோஸ் தெ சுங்காரா, தன் வாழ்க்கையைத் தன் வாயால் சொல்லிப் புத்தகமாக்கினார். நாம் சாட்சியம் என்று எதைச் சொல்கிறோமோ அதற்கு அவர் ஒரு முன்னோடி.

இந்த மலைக்குத்தான் இப்போது சுற்றுலா. 1987இல் யுனெஸ்கோ பொத்தோசியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பயணிகள் முதலில் தொழிலாளர் சந்தைக்குப் போகிறார்கள். கொக்கா இலை, சிகரெட், குளிர்பானம், டைனமைட் குச்சி வாங்குகிறார்கள். அதைத் தொழிலாளிக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும். பின்பு உள்ளே. ‘தீயோ’ என்று அழைக்கப்படும் கொம்பு வைத்த சிலை இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. தீயோ என்றால் மாமா. சுரங்கத்தின் சாமி. அதன் வாயில் சிகரெட் வைத்து, காலடியில் சாராயம் ஊற்றி, தொழிலாளிகள் உயிருக்குக் காப்புக் கேட்கிறார்கள். அதைப் படமெடுத்துக்கொண்டு பயணிகள் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்துவிடுகிறார்கள்.

சுற்றுலா கூடாது என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. வழிகாட்டிகளில் பலர் முன்னாள் தொழிலாளிகள். கல் சுமந்த முதுகு கதை சொல்லிச் சோறு தின்றால் அதைக் குறை சொல்ல நான் யார்? தொழிலாளிகளுக்கும் தங்கள் கேளிக்கை உண்டு. திருவிழா நாளில் சுரங்கத்திலிருந்து சிலுவைகளைத் தூக்கிக்கொண்டு, மேளதாளத்தோடு, ஆடிக்கொண்டே மலையிறங்குகிறார்கள். துக்கத்தை மட்டும் காட்டினால் அவர்களை இன்னொரு தடவை கொல்வதாகும்.

என் கேள்வி வேறு. நானூற்றைம்பது ஆண்டுக்கு மேல் தோண்டியதில் மலை உள்ளே பொந்தாகி, உச்சி உள்வாங்கத் தொடங்கிவிட்டது. 2014இல் யுனெஸ்கோ இதை ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. மலையின் கூம்பு வடிவம் கெட்டுவிடக் கூடாதென்று 4,400 மீட்டருக்கு மேலே தோண்டத் தடை போட்டார்கள், பள்ளத்தை அடைக்கப் பார்த்தார்கள். செய்யட்டும். அந்த மலை பலரின் சோறு. ஆனால் மலையின் உச்சி எத்தனை உள்வாங்கியது என்று அளக்கத் தெரிந்த உலகத்துக்கு, அதைத் தோண்டினவனின் நெஞ்சு எத்தனை உள்வாங்கியது என்று அளக்க ஏன் மனசு வரவில்லை? அங்கே அந்த நோய்க்குச் ‘சுரங்க நோய்’ என்றாவது ஒரு பெயர் சனங்களின் வாயில் இருக்கிறது. எங்கப்பாவின் சீட்டில் அதுகூட இல்லை.

7

போன வருஷத்திலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எங்கள் குவாரித் தெருவில் வீடு வீடாகப் போகிறேன். பெயர், எத்தனை வயசில் கல்லுக்குப் போனார், என்ன வேலை, எத்தனை வருஷம், இருமல் எப்போது வந்தது, எந்த வருஷம் செத்தார், சீட்டில் என்ன எழுதிக் கொடுத்தார்கள். இதுவரை நாற்பத்தொரு பேர். அதில் சீட்டு இருப்பது பதினாறு வீட்டில். பதினாறிலும் கல் தூசி என்ற சொல் இல்லை.

முதல் பெயராக எங்கப்பா பெயரை எழுதினேன். எத்தனை வயசில் கல்லுக்குப் போனார் என்ற இடத்தில் எனக்கே தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். “உங்கப்பனுக்கே தெரியாதுடா, ஜல்லிக் கூடை தூக்கற அளவுக்கு இருந்தப்போ போனாராம்” என்றாள். அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

உங்கள் ஊர்ப் பக்கம் குவாரியோ சூளையோ சுரங்கமோ இருந்தால், நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள்.